பஸ்ஸில் இருந்து வீடியோ வெட்ட ஒரு சின்னக் கணினி: வெள்ளவத்தையில் தேடி, கொட்டாஞ்சேனையில் திறந்தது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சின்ன மடிக்கணினி ஒன்று வாங்குவதற்காக வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போய் வந்தேன். பயணத்தில் எடுக்கும் வீடியோவை அன்றைக்கே பஸ்ஸிலோ ரயிலிலோ இருந்து வெட்டி ஒட்டி ஏற்றுவதற்கு என்ன கணினி வாங்கலாம் என்று கேட்டு அடிக்கடி எழுதுகிறீர்கள். அதற்கான பதில் இதில் இருக்கிறது. விலை, நேரம், பஸ் இலக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டுதான் வந்தேன். கூடவே நான் எழுத நினைக்காத ஒரு விஷயமும் சேர்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். உப்பில்லாத குழம்பு மாதிரி இருந்தது. ஆகவே அதுவும் வருகிறது.

புதிதாக வந்தவர்களுக்காக: எங்கள் சானலில் இரண்டு பேர். பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் எடுப்பவன் நான், குகன். வெட்டி, எழுத்துப் போட்டு, சத்தம் சரிபார்த்து ஏற்றுபவன் பிரான்சிஸ். அவன் கொட்டாஞ்சேனையில் பிறந்து இன்றைக்கும் அங்கேயே இருப்பவன். எங்கள் வீட்டு இணைய இணைப்பில் முப்பது ஜிபி அனுப்புவதற்குள் ஒரு கிழமை போய்விடும். ஆகவே மெமரி கார்டை ஒரு மாத்திரைப் பெட்டியில் போட்டு, டேப் சுற்றி, கொழும்பு பஸ் கொண்டக்டரின் கையில் கொடுத்துவிடுவேன். பிரான்சிஸ் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்வான். கொண்டக்டருக்கு இருநூறு ரூபாய். நான்கு வருடத்தில் ஒரு கார்ட் கூடத் தொலைந்ததில்லை.

தொலைந்தது வேறு. கடந்த ஒரு வருடமாக வீடியோக்கள் சரியாக வரவில்லை. மன்னார் வீதி வீடியோவில் பதினொரு விநாடி முழுக்க மங்கலான காட்சி. நான் தவறி எடுத்தது; வெட்டி எறிந்திருக்க வேண்டியது அப்படியே போயிருந்தது. திருகோணமலை வீடியோவில் ஊரின் பெயரிலேயே எழுத்துப்பிழை. "அண்ணை, கமராவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கோ" என்று ஒருவர் கீழே எழுத, பல பேர் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். போனில் கேட்டால் "அடுத்த முறை பாத்துக்கலாம் மச்சான்" என்பான். பிரான்சிஸுக்கு ஆர்வம் விட்டுப்போய்விட்டது, ஏனோதானோ என்று செய்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதனால்தான் சின்னக் கணினி. அதை வாங்கி, வெட்டுவதையும் நானே பழகி, பிரான்சிஸை மெல்லக் கழற்றிவிடுவது என் திட்டம். கேவலமான திட்டம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். அதைவிடக் கேவலம், கணினி பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பிரான்சிஸ். "பயணத்தில எடுத்ததைப் பாக்க ஒரு சின்ன லப்டொப் வேணும், நீ வந்து பாத்து வாங்கித் தா" என்று அவனுக்கே போன் போட்டேன். "எவ்வளவு சின்னது?" என்று மட்டும் கேட்டான். மடியில் வைக்கிற அளவு என்றேன். வருகிறேன் என்றான்.

வவுனியாவில் காலை 5.00 மணிக்கு அரைச் சொகுசு பஸ். டிக்கெட் 1,250 ரூபாய், தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக, கொண்டுபோன அளவு நாடாவால் என் வயிற்றுக்கும் முன் இருக்கைக்கும் இடையே அளந்தேன்: 34 சென்ரிமீற்றர். முன்னால் இருந்தவர் சாய்ந்ததும் 27. (வயிற்றைப் பற்றிய கருத்துகளைத் தயவுசெய்து கீழே எழுத வேண்டாம்.) பெரிய கணினியை இந்த இடத்தில் பாதிதான் திறக்கலாம். பஸ்ஸில் வேலை செய்ய நினைப்பவர்கள் கடைக்குப் போக முன்னர் தங்கள் பஸ்ஸை அளப்பது நல்லது.

அநுராதபுரம் தாண்டும்போது விடிந்தது. கண்ணாடியில் கமராவை ஒட்டி வைத்து எடுத்துக்கொண்டே வந்தேன். புத்தளத்தில் 7.50க்குத் தேநீர், உளுந்து வடை, 180 ரூபாய். புறக்கோட்டையில் இறங்கும்போது 11.10. அங்கிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் 70 ரூபாய் கொடுத்து வெள்ளவத்தையில் இறங்க 12.05 ஆகிவிட்டது.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. எங்கள் என்றால், நாங்கள் சம்பளத்துக்கு வேலை செய்த இடம். நான் கமரா, பிரான்சிஸ் எடிட்டிங். எட்டு வருடம் கல்யாண வீடியோ செய்தோம். இப்போது அந்த இடத்தில் பதினொரு மாடிக் குடியிருப்பு. வீதியின் மறுபக்கம் நின்று மூன்றாம் மாடி எது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது காவலாளி வந்து, "காவத ஹொயன்னே?" என்று கேட்டார். யாரையும் தேடவில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்த நாட்களில் வெள்ளவத்தைக் கல்யாணங்களில் பாதி, மாப்பிள்ளை லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ மூன்று கிழமை லீவில் வந்து கட்டுவது. பெண்ணுக்கு விசா எடுக்கக் கல்யாண வீடியோவையும் கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நாங்கள் இரண்டு விதமாக வெட்டுவோம். வீட்டுக்குப் போவதில் இதயங்கள் பறக்கும், ரோஜா விரியும். மற்றதற்கு ஸ்டூடியோவில் எம்பசிக் கொப்பி என்று பெயர். அதில் ஒரு பூ இருக்காது. தாலி கட்டுவது வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும், இரண்டு வீட்டுப் பெரியவர்களின் முகமும் தெரிய வேண்டும், யாராவது ஒருவர் அழவும் வேண்டும். பார்க்கிற அதிகாரிக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது. எத்தனை பெண்கள் எங்கள் எம்பசிக் கொப்பியில் ஏறிப் பறந்தார்களோ, கணக்கே இல்லை.

அந்த மூன்றாம் மாடியில் கரண்ட் போனால் ஜன்னலைத் திறந்து வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். கரையோர ரயில் போகும்போது மேசையில் தேநீர்க் குவளை நடுங்கும். பிரான்சிஸ் அந்த நேரத்திலும் காதில் ஹெட்போனை வைத்தபடிதான் இருப்பான், கரண்ட் இல்லாவிட்டாலும். அந்த எட்டு வருடம் மாதிரி ஒன்று எனக்குப் பிறகு அமையவில்லை. சந்தோஷமாக இருந்தோம் என்பது அப்போது தெரியவும் இல்லை.

12.30க்கு பிரான்சிஸ் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். "என்னடா, நடிக்கப் போறியோ?" என்றேன். "வெயில் மச்சான்" என்றான். வழக்கமாகச் சாப்பிடும் கடையில் சோறு, மீன் குழம்பு, இருவருக்கும் 1,300 ரூபாய். சுவரில் இருந்த விலைப் பட்டியலைப் பார்க்காமல் "நீயே பாத்து ஓடர் பண்ணு" என்றான். எழுந்து போகும்போது கதிரை ஒன்றில் இடித்துக்கொண்டான். இரண்டையும் கண்டேன், ஒன்றையும் யோசிக்கவில்லை.

முதல் கடை வெள்ளவத்தையிலேயே, காலி வீதியில். அங்கே 11.6 அங்குலக் கணினி, 78,000 ரூபாய். ஒரு கிலோ கூட இல்லை, என் பையில் கண்ணுக்கே தெரியாது. எனக்கு ஆசையாகப் போய்விட்டது. பிரான்சிஸ் விசைப்பலகையில் பத்து விரலையும் வைத்துத் தடவிப் பார்த்தான். பிறகு மெமரி எவ்வளவு என்று கேட்டான். நாலு ஜிபி, உள்ளே இருக்கும் பலகையோடு ஒட்டியது, பிறகு கூட்ட முடியாது என்றார் விற்பனைப் பெண்.

"இதுல வீடியோவ வெட்டவும் ஏலாது, ஓட விடவும் ஏலாது. கடிதம் எழுதுறதுன்னா நல்லது தங்கச்சி" என்று சொல்லி மூடி வைத்தான்.

அங்கிருந்து பம்பலப்பிட்டிக்கு இரண்டு கிலோமீற்றர், பஸ்ஸில் 30 ரூபாய். தரிப்பிடத்தில் வந்து நின்ற பஸ்ஸின் நெற்றியில் இலக்கம் பெரிதாகத்தான் இருந்தது. பிரான்சிஸ் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் எந்த பஸ் என்று கேட்டான். கணினிக் கடைகள் மாடி மாடியாக இருக்கும் பழைய கட்டடம் அங்கே உண்டு, கொழும்பில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். முதல் மாடியில் ஒரு கடையில் புத்தம் புதிய 14 அங்குலம் 289,000 சொன்னார்கள். நல்ல சாமான், என் பொக்கெட்டுக்குத் தூரம். இரண்டாம் மாடியில் பாவித்த கணினிகள் விற்கும் நியாஸ் என்பவரின் கடை. முப்பத்தைந்து வயது இருக்கும், பொறுமைசாலி.

நியாஸ் ஒரு 13.3 அங்குலத்தை எடுத்து வைத்தார். பிரான்சிஸ் அதைச் சோதித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையால் தூக்கிப் பாரம் பார்த்தான்: 1.2 கிலோ. மூடியைப் பத்துத் தரம் திறந்து மூடி, பிணைச்சலில் சத்தம் வருகிறதா என்று கேட்டான். விசைகளைத் தட்டினான். கார்ட் போடும் துளையை விரலால் தேடிப் பிடித்தான். போன் சார்ஜரிலேயே இது சார்ஜ் ஆகுமா, பவர் பேங்க் தாங்குமா என்று விசாரித்தான். நான் காலையில் எடுத்த வீடியோவை ஏற்றி ஓடவிட்டு, கணினியைத் தூக்கி அதன் வயிற்றில் காதை வைத்தான்.

"விசிறி சத்தம் போடுதான்னு பாக்குறேன். பஸ்ஸுக்குள்ள இருந்து குரல் பதிவு பண்ணுவ. இது இரைஞ்சா ஒன் குரலுக்குள்ள போயிரும்" என்றான். "அமைதியா இருக்கு. 16 ஜிபி மெமரி, 512 ஜிபி டிஸ்க். போதும்."

"திரை எப்பிடி?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியம். பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் தெரியாத திரையை வைத்து என்ன செய்வது?

பிரான்சிஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனான். அநுராதபுரத்துக் குளமும் விடியலும் ஓடிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் வெளிச்சத்தக் கூட்டுங்க தம்பி" என்றான்.

நியாஸ் கூட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

"முழுசாத்தான் ஈக்கி அண்ணே, இதுக்கு மேல ஏறாது" என்றார் நியாஸ்.

"ஓ, சரி சரி. நல்லா இருக்கு" என்று சொல்லி பிரான்சிஸ் நிமிர்ந்தான். நியாஸ் என்னைப் பார்த்தார். எனக்கோ அந்தத் திரையின் வெளிச்சத்தில் கண் கூசியது. விலைப் பட்டியல், கதிரை, பஸ் இலக்கம், மன்னார் வீதியின் பதினொரு விநாடி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

பேரத்தையும் பிரான்சிஸே பேசினான். 148,000 சொன்னதை 142,500க்கு இறக்கி, ஆறு மாத உத்தரவாதமும் எழுதி வாங்கினான். கடையை விட்டு வெளியே வரும்போது 4.10.

பம்பலப்பிட்டியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு 155ஆம் இலக்க பஸ். மட்டக்குளி என்று பலகை இருக்கும். 80 ரூபாய். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ முடிந்து பிரான்சிஸ் இதில்தான் வீட்டுக்குப் போவான். கல்யாண வேலை இல்லாத நாட்களில் அவன் வீட்டுச் சாப்பாட்டுக்காக நானும் தொற்றிக்கொள்வேன். 4.35க்கு ஏறினோம். பத்து கிலோமீற்றருக்கும் குறைவான தூரம், அந்த நேரத்து நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். பஸ் நகர மண்டபத்தைத் தாண்டியது. கணினி என் மடியில் இருந்தது.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டேன்.

"என்னா எப்ப?"

"கண்."

பிரான்சிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "போன கிறிஸ்மஸுக்கு முந்தின கிறிஸ்மஸ். சீனி வியாதிதான் கண்ணுக்கு ஏறிருச்சு. எடது கண்ணுக்கு ஊசி போடுறாங்க. வலது பரவால்ல, நடுவுல மட்டும் ஒரு கறுப்பு."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ வேற ஆள் தேடுவ." என் மடியில் இருந்த கணினியைத் தட்டி, "சொல்லாமலேயே தேடிட்ட" என்றான். "எனக்குத் தெரியும்டா. ரெண்டு பேரு ஒக்காந்து பாக்குறதுன்னா பெருசு கேட்டிருப்ப. மடியில வைக்கிறது ஒரு ஆளுக்கு."

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், பிறவிக் குணம். "பதினொரு செக்கன் மங்கலாப் போட்டனீ! சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?" என்று சத்தம் போட்டேன். முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தார்.

"அது மங்கல்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று அவனும் கத்தினான். "எனக்கு எல்லாமே மங்கல்! நீ ஒழுங்கா எடுத்ததும் மங்கல்தான்!"

முன் இருக்கைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினேன், பாதி அழுகையாகிவிட்டது. பிறகு எப்படி இவ்வளவு காலமும் வெட்டினாய் என்று கேட்டேன்.

"காதால. வேற எதால? தாலி கட்டுறத என்னைக்காவது நான் பாத்தா வெட்டுனேன்? கெட்டிமேளம் ஏறுறதக் கேட்டுத்தானே வெட்டுனேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இனி எடிட்டிங்னு யாரு பேரப் போடப் போற?" என்றான்.

மருதானையில் கேட்டான். முதலில் உன் வீட்டில் இதைத் திறந்து பார்ப்போம் என்றேன்.

5.50க்கு இறங்கி, அவன் வீட்டுக்கு ஏழு நிமிட நடை. கொட்டாஞ்சேனையில் கோவில் மணியும் தேவாலய மணியும் அந்த நேரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக அடிக்கும். ஒழுங்கை பழைய ஒழுங்கைதான், ஆனால் வாசல்களில் மோட்டார் சைக்கிள்கள் கூடியிருக்கின்றன. பிரான்சிஸ் அதில் எதிலும் இடிக்காமல் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். அவன் மனைவி றீற்றா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும், "ஒரு வழியா சொல்லிட்டாரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அப்பாடா" என்று தேநீர் போடப் போய்விட்டார். ஒன்றரை வருடமாக அவர் வாயைக் கட்டி வைத்திருந்திருக்கிறான்.

சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தோம். பிரான்சிஸ் சொல்லச் சொல்ல நான் செய்தேன். சின்னக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு அவன் சொன்ன முதல் பாடம்: கமராவின் பெரிய வீடியோவை நேரடியாக வெட்டாதீர்கள். மென்பொருளிலேயே தரம் குறைந்த சின்ன நகல் ஒன்றை உருவாக்கி, அதை வைத்து வெட்டுங்கள். கடைசியில் ஏற்றும் கோப்பை மட்டும் பெரியதிலிருந்து எடுக்கலாம். காலையில் பஸ்ஸில் எடுத்ததை அப்படி ஏற்றினேன். திக்காமல் ஓடியது.

முதல் வெட்டை நான் போட்டேன். குளத்தில் சூரியன் விழுந்து அழகாக இருந்த இடத்தில் நிறுத்தி, அடுத்த காட்சிக்குத் தாவினேன். பிரான்சிஸ் மேசையின் மறுபக்கம் இருந்தான், திரை அவனுக்குத் தெரியாது.

"அங்க வெட்டாத" என்றான். "கொண்டக்டர் இன்னும் ஊர் பேரு சொல்லி முடிக்கல."

திருப்பி ஓடவிட்டேன். புத்தளம், சிலாபம், கொழும்பு கொழும்பு என்று கொண்டக்டர் கூவுகிறார். இரண்டாவது கொழும்பு முடிந்து, அவர் கையால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், பஸ் இழுக்கிறது. தட்டு விழுந்த இடத்தில் வெட்டினேன். வீடியோவே பஸ்ஸோடு சேர்ந்து புறப்பட்டது. நான் பத்து வருடம் பழகினாலும் அந்த இடம் எனக்குப் பிடிபட்டிருக்காது.

அப்போதுதான் கனடாவிலிருந்து ஒரு பெரியவர் மன்னார் வீதி வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், பஸ்ஸுக்குள் இருந்த மாதிரியே இருந்தது என்று எழுதியிருந்தார். மங்கலாக இருப்பதால்தான் கண்ணை மூடினாராக்கும் என்று நான் அப்போது கடுப்பானேன். பிரான்சிஸுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "இன்னொருக்கா படி" என்றான். இன்னொருக்காவும் படித்தேன்.

எட்டு மணி வரை வெட்டினோம். ஒரு இயர்போன்தான் இருந்தது, ஒரு பக்கத்தை அவன் காதிலும் மறுபக்கத்தை என் காதிலும் மாட்டினோம். வயர் குட்டை, தலையும் தலையும் முட்டியது. "ஒத்தக் காதுல கேட்டா பஸ் எந்தப் பக்கம் போவுதுன்னு எப்பிடிடா தெரியும்?" என்று அவன் புறுபுறுக்க, மங்கலான காட்சி வந்தால் நான் சொல்ல, வெட்டக்கூடாத இடம் வந்தால் அவன் என் தொடையில் தட்ட, இப்படியே போனது. வீடியோ முடிவில் பெயர்கள் வரும் அட்டையில் எடிட்டிங்: பிரான்சிஸ் என்று எழுதி வாசித்துக் காட்டினேன். "ஒன் பேரையும் போடு. இன்னைக்குக் கத்தி ஒன் கையில இருந்துச்சு" என்றான். போட்டேன். அவன் பெயர்தான் முதலில்.

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை 7.30 பஸ்ஸில் வவுனியா திரும்பினேன். வீடு வந்து சேர 1.40.

இப்படிக் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். 13.3 அங்குலத்துக்கு மேல் பஸ்ஸுக்கு உதவாது, 12க்குக் கீழே விரலுக்கு உதவாது. மெமரி 16 ஜிபி இல்லாவிட்டால் கடையை விட்டு வெளியே வாருங்கள், எட்டு என்றால் பிறகு கூட்டலாமா என்று கேளுங்கள். போன் சார்ஜரில் சார்ஜ் ஆக வேண்டும். உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய், நீங்கள் எடுத்த வீடியோவையே ஓடவிட்டுப் பாருங்கள். கடையில் போட்டுக் காட்டும் கிளி, பூ வீடியோக்கள் எந்தக் கணினியிலும் அழகாகத்தான் இருக்கும். விசிறியில் காதை வையுங்கள். பாவித்த கணினி என்றால் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். மதியத்துக்கு முன்னர் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். கூட வருபவர் எதையாவது வாசிக்காமல் உங்களிடம் நீட்டினால், ஏன் என்று அப்போதே கேளுங்கள்.

மெமரி கார்ட் இப்போதும் கொண்டக்டரோடுதான் கொழும்புக்குப் போகிறது, இனி மாதம் ஒரு தடவை நானும் கணினியோடு கூடப் போவேன். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏற முன்னர், புறக்கோட்டையில் நடைபாதைக் கடை ஒன்றில் சின்ன வயர் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கத்தைக் கணினியில் செருகினால் மறுபக்கத்தில் இரண்டு ஹெட்போன் மாட்டலாம். 450 ரூபாய். அதை வாங்கும்போது மட்டும் நான் பிரான்சிஸிடம் யோசனை கேட்கவில்லை.